தீர்ப்பு வராத பிரிவுகள்: மலையகக் குடும்பங்களும் விவாகரத்தும்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் விவாகரத்து குறைவு என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. நீதிமன்றப் பதிவேட்டை மட்டும் புரட்டினால் அவர்கள் சொல்வது சரிதான். தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிஷனில் முந்நூறு குடும்பம் இருந்தால், வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கிப் பிரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் கொழும்பில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தும் புருஷனுக்கு இங்கே இன்னும் மனைவியாகவே இருக்கும் பெண்கள் எத்தனை பேர்? மனைவி குவைத்துக்குப் போய் வருஷக்கணக்காகியும் "வருவா, வருவா" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஆண்கள்? ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஆளுக்கொரு அடுப்பு மூட்டிப் பேச்சில்லாமல் காலம் தள்ளுபவர்கள்? இவர்களை எண்ண ஆரம்பித்தால் கை போதாது.

விவாகரத்து குடும்பத்தை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு மலையகத்தில் பதில் சொல்ல வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே பிரிவு நடக்கிறது, விவாகரத்து நடப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் பத்து வருஷம், இருபது வருஷம் கிடக்கிறது. பெண்ணும் பிள்ளைகளும் அடிபடுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் என்பது என் எண்ணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலையகத் தமிழருக்குத் தனியான திருமணச் சட்டம் கிடையாது. யாழ்ப்பாணத்தாருக்குச் சொத்து விஷயத்தில் தேசவழமை, முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் சட்டமும் காதி நீதிமன்றமும், கண்டியச் சிங்களவருக்கு 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் என்று இருக்கும் நாட்டில், நமக்குப் பொருந்துவது பொதுச் சட்டம். அதாவது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதன்படி விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: கல்யாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கல்யாணம் நடந்த நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு போன்ற இயலாமை. அடி, உதை, குடி எதுவும் இந்தப் பட்டியலில் தனிக் காரணமாக இல்லை. அடி தாங்காமல் பெண் வெளியேறினால், "அவளை வெளியேறச் செய்தவன்தான் உண்மையில் கைவிட்டவன்" என்று சட்டத்தரணி வாதாடி நிரூபிக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தேயிலை மலையின் மேல் தமிழ்க் குடும்பம், அடிவாரக் கிராமத்தில் கண்டியச் சிங்களக் குடும்பம். இரண்டு வீட்டிலும் புருஷன் பெண்சாதிக்கு ஒத்துவரவில்லை, இருவருமே பிரியச் சம்மதம் என்று வைத்துக்கொள்வோம். கண்டியச் சட்டப்படி கல்யாணம் முடித்த அடிவாரத்துத் தம்பதி பரஸ்பர சம்மதத்தைச் சொல்லி மாவட்டப் பதிவாளரிடமே விண்ணப்பிக்கலாம், நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. மேலே இருப்பவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சுமத்தியாக வேண்டும். சண்டையே இல்லாமல் பிரிய நினைப்பவர்களும் "இவர் என்னைக் கைவிட்டார்" என்று எழுதிக் கொடுக்க, மற்றவர் எதிர்க்காமல் இருக்க, அப்படித்தான் காரியம் நடக்கிறது. முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முடிவான தீர்ப்பாகும். அதுவரை இன்னொரு கல்யாணம் செல்லாது. முதல் கல்யாணம் உயிரோடு இருக்கும்போது மறுபடி கல்யாணம் முடித்தால் தண்டனைச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறையும் உண்டு.

வழக்குச் செலவு, நாள் கணக்கு, ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ பஸ் ஏறி இறங்குவது எல்லாம் ஒரு பக்கம். மொழி இன்னொரு பக்கம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற மொழி வடக்கு, கிழக்கில் தமிழ். மற்ற இடங்களில் சிங்களம். மலையகம் அந்த "மற்ற இடங்கள்" கணக்கில் வருகிறது. தன் படுக்கையறைக் கதையைக் கூண்டில் நின்று தமிழில் சொல்லி, அதை இன்னொருவர் சிங்களத்தில் திருப்பிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க எத்தனை பெண்கள் துணிவார்கள்? பலர் வழக்கே வேண்டாம் என்று விடுவதற்கு இது ஒரு காரணம்.

தலைவர் வீட்டில் நடப்பது

ஆகவே விஷயம் முதலில் போவது தோட்டத் தலைவர் வீட்டுக்கு. தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டியில் இரண்டு பேர், பெண்ணின் மாமன், பையனின் சித்தப்பா என்று முன் திண்ணையான இஸ்தோப்பில் கூடுவார்கள். இந்த ஏற்பாட்டை நான் மட்டமாகப் பேச மாட்டேன். கை நீட்டிய புருஷனை நாலு பேர் முன்னால் கூப்பிட்டு வைத்துக் கேட்பதற்கு வேறு யாரும் இல்லாத இடத்தில், இது எத்தனையோ குடும்பத்தைக் காப்பாற்றி இருக்கிறது. ஆனால் கூடியவர்களின் நோக்கம் சேர்த்து வைப்பது. "புள்ளைங்க மூஞ்சியப் பாத்து போம்மா" என்பதோடு கூட்டம் கலையும். அடுத்த சம்பளத்துக்குப் பிறகு மறுபடி கூடும்.

சேரவே முடியாது என்று ஆகிவிட்டால், "இருவரும் மனம் ஒப்பிப் பிரிகிறோம்" என்று ஒரு கடுதாசி எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். தீர்த்து விட்டாயிற்று என்று ஊரும் நம்பும். சட்டப்படி அந்தக் கடுதாசியால் கல்யாணம் முறியாது. அதைவிட ஆபத்து, அது பெண்ணுக்கே எதிராகத் திரும்பலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், கணவன் மனைவி இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் துணைக்குத் தாபரிப்புக் கட்டளை, அதாவது ஜீவனாம்சம், கிடைக்காது என்கிறது. கடுதாசியில் ஒப்புக்குப் போட்ட "மனம் ஒப்பி" என்ற இரண்டு சொல், பிறகு நீதவான் நீதிமன்றத்தில் அவள் கேட்கும் தாபரிப்பை அடித்துவிடக் கூடும். பிள்ளைகளுக்கான தாபரிப்பு வேறு. பெற்றோர் எழுதிக்கொள்ளும் கடுதாசி எதுவும் அந்த உரிமையை அழிக்காது. பதினெட்டு வயது வரை மட்டுமல்ல, தேவை இருந்தால் இருபத்தைந்து வரைக்கும் கேட்கலாம். பதிவுக் கல்யாணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும், தகப்பன் யார் என்று காட்ட முடிந்தால், அந்த உரிமை உண்டு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாபரிப்புக் கேட்க விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. விவாகரத்துக்கு மாவட்ட நீதிமன்றம், தாபரிப்புக்கு நீதவான் நீதிமன்றம். இரண்டும் தனித்தனிப் பாதை.

பாதை இருந்தாலும் நடப்பது லேசு இல்லை. மேல் டிவிஷனில் இருக்கும் ஒரு பெண் தவணைக்குப் போக வேண்டும் என்றால் அன்றைக்குப் பேர் (நாள் வேலையும் கூலியும்) இல்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆக்கப்பட்டது. தவணைக்கு ஒரு நாள், காசை வாங்க ஒரு நாள், பஸ், தேத்தண்ணி, கூட வரும் அம்மாவின் ஒரு நாள் பேர் என்று போட்டுப் பார்த்தால், கிடைக்கும் தாபரிப்பில் பெரும் பங்கு அதை வாங்கவே கரைகிறது. அந்த ஆள் இரண்டு மாதம் கட்டாமல் விட்டால் மறுபடி மனு. நிரந்தர வேலைக்காரனாக இருந்தால் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. கொழும்பில் நாட்கூலிக்குக் கடையில் நிற்பவனிடம் எதைப் பிடிப்பது?

ஒரு காம்பரா, இரண்டு அடுப்பு

பொகவந்தலாவைப் பக்கத்து லயம் ஒன்றில் இப்படி ஒரு வீடு பார்த்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவின் (அறையின்) நடுவே அலுமாரியைக் குறுக்காக நகர்த்தி வைத்திருந்தார்கள். அலுமாரியின் முதுகு அவள் பக்கம். அதில் ஆணி அடித்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளை மாட்டியிருந்தாள். குசினி அவளுக்கு. இஸ்தோப்பு மூலையில் தகரம் மறைத்து அவன் தனியாக அடுப்பு வைத்திருந்தான். டிவி அவன் பக்கம், சோறு அவள் பக்கம். பிள்ளைகள் இரண்டு பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு அலுமாரியைச் சுற்றிப் போய்வந்தார்கள். கரண்ட் பில் வந்தால் சின்னவன்தான் தூது. "அப்பா பாதி குடுக்கச் சொன்னாங்க" என்று வந்து நிற்பான்.

ஏன் ஒருவர் வெளியே போகவில்லை? போக இடமில்லை. லயம் கம்பனிக்குச் சொந்தம். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் இருக்க இடம், அவ்வளவுதான். வேறு காம்பரா கேட்டால் இல்லை. தாய்வீட்டுக்குப் போகலாம் என்றால் அங்கே அண்ணனும் அண்ணியும் நாலு பிள்ளைகளும் அதே அளவுக் காம்பராவில் இருக்கிறார்கள். வேறு தோட்டத்துக்குப் போனால் அங்கே பேர் பதிய வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு வேலை, வீடு, உறவு மூன்றுமே புருஷன் பக்கத்துக் கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. கயிற்றை அறுத்தால் மூன்றும் போகும்.

"அந்தக் காலத்துல நாங்கல்லாம் சகிச்சுக்கிட்டு வாழலையா?" என்று பெரியவர்கள் கேட்கும்போது இதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அவர்கள் சகித்தது உண்மை. சகிக்காமல் விட்டிருந்தால் எங்கே போயிருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஏழு பேர்ச் (நில அளவு) காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்களில் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. மாறுவது நல்லதா என்பது காணி உறுதிப் பத்திரத்தில் யார் பெயர் என்பதைப் பொறுத்தது. அவன் பெயர் மட்டும் இருந்தால், லயத்தில் கம்பனி சொன்ன "இது உன் வீடு இல்லை" என்ற வார்த்தையை இனி புருஷன் சொல்வான்.

உறவு இரண்டாகப் பிளக்கும்போது

நம்மில் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் இன்னும் இருக்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் இருக்கிறது. கல்யாணம் நன்றாகப் போனால் இதைப்போலப் பலம் வேறில்லை. முறிந்தால் முறிவது இரண்டு பேரோடு நிற்காது. தன் மகளைத் தங்கச்சி மகனுக்குக் கொடுத்தவர், மகள் பெட்டியோடு வந்து நின்ற அன்றிலிருந்து தங்கச்சி வீட்டு நல்லது கெட்டதுக்குப் போக மாட்டார். கொண்டு கொடுத்த வீடுகளில் இன்னும் மோசம். "உங்க அண்ணன் என் தங்கச்சிய அனுப்பிட்டான், நீயும் கிளம்பு" என்று ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருந்த இன்னொரு ஜோடியையும் இழுத்துப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு ஒரே நாளில் அப்பாயி வீடும் போகும், மாமாவும் போவார். தோட்டத்தில் பிள்ளை வளர்ப்பதே இவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் என்பதால் இந்த இழப்பு சின்னதில்லை.

இந்த முறிவுக்குப் பழைய காயமும் ஒன்று உண்டு. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான இலங்கை, இந்திய அரசுகளின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராக இருந்த மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் கப்பலேறிப் பிரிந்தன. "போய்க் கூப்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிப் போனவர்களில் கூப்பிடாதவர்களும் உண்டு. அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களை ஊர் என்ன பெயரால் அழைப்பது என்று தெரியாமல் விழித்தது. தீர்ப்பில்லாத பிரிவு நமக்கு அப்போதே பழகிவிட்டது.

வெளிநாடு போனதால் கெட்டதா?

மலையகத்தில் குடும்பம் உடைவதைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசினாலும், மேடையில் இருப்பவர் முதலில் கை காட்டுவது மத்திய கிழக்குக்குப் போன பெண்ணை. தாய் இல்லாத வீட்டில் பிள்ளைகள் படும் பாட்டை மறுப்பதற்கில்லை. அரசும் 2013 முதல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை மூலம் கட்டுப்பாடு வைத்தது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது.

ஆனால் போனவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்தால் கதை பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது. போனதால் வீடு உடையவில்லை; வீடு உடைந்ததால்தான் போயிருக்கிறாள். குடிகாரனிடமிருந்து விலக வேண்டும், அதற்கு ஊர் ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம் "புள்ளைங்களுக்காகச் சம்பாதிக்கப் போறேன்" என்பது. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து வந்து பார்த்துவிட்டு, மறு மாதமே அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவளை யோசித்துப் பாருங்கள். நீதிமன்றம் போக முடியாதவளுக்கு விமான நிலையம்தான் விவாகரத்து. ஆண்களும் இதையே கொழும்புக்கு ரயிலேறிச் செய்கிறார்கள். அவர்களைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை.

பிள்ளைகள்

பெற்றோர் பிரிந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. அமெரிக்காவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் விவாகரத்தான குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவர் கண்டது: பிரிந்தவர்களின் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு நீடித்த மனச்சிக்கல், நடத்தைச் சிக்கல்; பிரியாத குடும்பங்களில் அது பத்தில் ஒருவர். இரண்டரை மடங்கு என்பது அதிகம்தான். அதே நேரம் நான்கில் மூன்று பிள்ளைகள் தடுமாறி எழுந்து நின்றுவிட்டார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. போல் அமாட்டோ, அலன் பூத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். வீட்டில் ஓயாத சண்டை என்றால் பெற்றோர் பிரிந்த பிறகு பிள்ளைகள் தேறுகிறார்கள். வெளியே தெரியாத சின்ன மனக்கசப்போடு இருந்தவர்கள் பிரிந்தால்தான் பிள்ளைகள் அதிகம் உடைகிறார்கள், ஏனென்றால் அவர்கள் அதை எதிர்பார்க்கவே இல்லை.

அமெரிக்கக் கணக்கை அப்படியே தோட்டத்துக்குப் பொருத்த முடியாது. அங்கே பிரிந்தவர்கள் இரண்டு வீட்டில் இருக்கிறார்கள். இங்கே பிள்ளை சண்டையிலிருந்தும் தப்பவில்லை, பிரிவின் இழப்பிலிருந்தும் தப்பவில்லை. அலுமாரியைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கிறது.

நடைமுறைத் தொல்லைகள் வேறு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, தகப்பனின் விபரம், கையெழுத்து, ஆவணம் என்று ஏதாவது ஒன்று குறையும். போன ஆளைத் தேடிக் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் அலைய வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே படிப்பை விட்டுக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பிள்ளைகளின் பின்னால் பார்த்தால் இப்படி ஒரு கதை இருப்பது வழக்கம். பெண்பிள்ளை என்றால் சீக்கிரமே கல்யாணம். 1995இல் சட்டம் கல்யாண வயதைப் பதினெட்டு ஆக்கியும், பதிவில்லாமல் முடித்துவிடுவது நிற்கவில்லை. அந்தக் கல்யாணம் முறியும்போது காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

கடைசியில் சாவு வீட்டிலும் இது வந்து நிற்கும். இருபது வருஷம் வேறொருத்தியோடு வாழ்ந்தவர் உயில் எழுதாமல் இறந்தால், சொத்தில் பாதி சட்டப்படியான மனைவிக்கு. 1876ஆம் ஆண்டின் சட்டம் அப்படி. நோயில் பீ மூத்திரம் அள்ளியவளுக்கு ஒன்றும் இல்லை. சேமலாப நிதிக் காசுக்காக, எரித்த சாம்பல் ஆறும் முன்னே இரண்டு பெண்கள் தொழில் அலுவலக வாசலில் நிற்பார்கள். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வருவதில்லை.

கல்யாணத்தைப் பற்றி இது சொல்வது

முறிந்த குடும்பங்களை உட்கார்ந்து கேட்டால், கல்யாணம் எங்கே பலவீனமாக இருந்தது என்று தெரிகிறது. முதல் இடம் சம்பளம். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் மனைவியின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்குவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. இப்போது சம்பளம் பாங்குக்குப் போகும் இடங்களில் ஏடிஎம் கார்ட் அவன் பொக்கெற்றில். கொழுந்துக் கூடையைச் சுமப்பவள் பத்து ரூபாய்க்குக் கை நீட்ட வேண்டும் என்றால் அந்த வீட்டில் மரியாதை எங்கே தங்கும்? தம்பதிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜோன் கொட்மன், பிரிவுக்கு முன்னறிவிப்பாக வரும் அடையாளங்களில் மிகப் பெரியது ஒருவரை ஒருவர் இளக்காரமாக நடத்துவது என்கிறார். சண்டை போடுவதைவிட அது மோசம். லயத்தில் ஒரு சுவர் தள்ளிப் பக்கத்துக் காம்பரா என்பதால் இளக்காரம் பேசப்படுவது ஊர் கேட்கத்தான்.

பத்துப் பொருத்தமும் பார்க்கும் நாம் இதையெல்லாம் பேசுவதில்லை. சம்பளம் யார் கையில், குடி எவ்வளவு, எந்தத் தோட்டத்தில் பேர் பதிவது, ஒருவர் வெளியூர் போனால் காசு யார் பெயரில் வரும், வீட்டு உறுதியில் இரண்டு பெயரும் வருமா? நிச்சயதார்த்தத்தில் இதைக் கேட்டால் "என்ன, இப்பவே பிரியிற பேச்சா?" என்பார்கள். கேட்டுவிட்டு முடிப்பது நல்லது என்றே நான் சொல்வேன். கூடவே பதிவையும் முடித்துவிடுங்கள். தாலி கட்டிய கையோடு பதிவாளரிடமும் போய்வந்தால் பாதித் தொல்லை குறையும்.

பிரிவு வந்தேவிட்டால் என்ன செய்வது? கடுதாசியில் கையெழுத்துப் போடும் முன் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; வசதி இல்லாதவர்களுக்கு இலவசம். அடி இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பன்னிரண்டு மாதம் வரை அடித்தவனை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கவும் அதில் இடமுண்டு. அவசரத்துக்குப் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. வீட்டை விட்டு இறங்கும்போது நகையைவிட முக்கியம் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, அடையாள அட்டை, பாங்குப் புத்தகம். நீதிமன்றத்தில் தமிழில் பேசவும் மனுக் கொடுக்கவும் உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளரை அரசு தர வேண்டும், தீர்ப்பின் தமிழ்ப் பிரதியையும் கேட்டு வாங்கலாம். முதல் தவணையிலேயே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றால் வழக்கு அடுத்த தவணைக்குப் போகும், இன்னொரு நாள் பேரும் போகும்.